இரண்டரை அங்குலம்

மனிதன் தன் உயரத்தைத் தானே கூட்டிக்கொள்ளும் வல்லமை பெற்றவனல்லன். ஆதலால் தன்னைச் சுமந்து செல்லும் பொருள்களின் உயரத்தைக் கூட்டி மனநிறைவு அடைகிறான். யானையின்மேல் அம்பாரி ஏற்றிய மன்னரும், வில்வண்டிக்குப் பெரிய சக்கரம் பூட்டிய மிராசுதாரரும் இவ்வகையினரே. இஃது இழிவு என்று பழிப்பதற்காக நாம் எழுதுகோல் எடுக்கவில்லை. நாமும் ஒருமுறை அவ்வாறு உயர்ந்து பார்த்தவர்களே. அந்த உயர்வுக்கு வேறொருவர் செலுத்த நேர்ந்த விலையை அன்புள்ள வாசகர்களிடம் மறைக்காமல் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2013 முதல் 2019 வரை ஆறு ஆண்டுகள் அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலத்தில், அதன் மேற்குக் கோடியை ஒட்டிய ஒரு சிற்றூரில் நாம் பங்குப் பணியாற்றினோம். கண்ணுக்கெட்டிய தூரம் பருத்திக் காடு. அதற்கப்பால் பூமியிலிருந்து எண்ணெய் இறைக்கும் இயந்திரங்கள் இரவும் பகலும் தலையாட்டிக்கொண்டிருக்கும் பெர்மியன் படுகை. அவ்வூரில் கார் வைத்திருப்போரைவிடப் பிக்கப் வைத்திருப்போரே மிகுதி. முன்னே ஆட்கள் அமரும் அறையும், பின்னே திறந்த சரக்குத் தொட்டியுமாக அமைந்த அவ்வண்டி அங்குள்ளோர்க்கு ஏரும் மாடும் போன்றது. ஃபோர்டு நிறுவனம் 1925-ஆம் ஆண்டிலேயே தொழிற்சாலையில் கட்டி முடித்த பிக்கப்பை 281 டாலருக்கு விற்றது. அந்நிறுவனத்தின் எஃப் வரிசை வண்டிகளே 1977 முதல் அந்நாட்டில் மிகுதியாக விற்பனையாகும் பிக்கப்புகள். நமது பங்குக்கும் அவ்வரிசையைச் சேர்ந்த பழைய எஃப்-150 ஒன்று இருந்தது. 42 மைல் தொலைவிலிருந்த கிளைப்பங்குக்கு ஞாயிறுதோறும் நாம் அதில்தான் சென்று வந்தோம்.

அன்பின் மிகுதியால் வந்த பரிசு

நமது பங்கில் மெக்சிக்கோ வழிவந்த இளைஞர் ஒருவர் இருந்தார். எண்ணெய் வயலில் இரண்டு வாரம் தொடர்ந்து உழைப்பார். மூன்றாவது வாரம் வீட்டிலிருப்பார். அந்த ஒரு வாரமும் தமது வண்டியின் அடியில்தான் படுத்துக் கிடப்பார். அவருடைய பிக்கப் தெருவில் வந்தால் சிறுவர்கள் ஓடிவந்து பார்ப்பார்கள். தடித்த பெரிய டயர்கள், உடலைத் தாண்டி வெளியே நிற்கும் சக்கரங்கள், நிமிர்ந்த முகப்பு என்று அது ஒரு போர்க்குதிரை போல நிற்கும்.

2016-ஆம் ஆண்டின் வேனிற்காலத்தில் நமது வண்டியின் டயர்கள் தேய்ந்துபோயின. செய்தி அறிந்த அந்த இளைஞர், "பாத்ரே, செலவு என்னுடையது. உங்கள் வண்டியையும் என் வண்டிபோல ஆக்கித் தருகிறேன். மழைக் காலத்தில் கிளைப்பங்குச் சாலையில் சிக்க மாட்டீர்கள்" என்றார். அச்சாலையின் கடைசி ஆறு மைல் வெள்ளைச் சுண்ணாம்புச் சரளை. மழை பெய்தால் பசைபோல் ஒட்டும். நாம் ஒப்புக்கொண்டோம். சாலையை முன்னிட்டு ஒப்புக்கொண்டதாக அன்று சொன்னோம். மறைக்கல்வி முடிந்து வரும் சிறுவர்கள் நம் வண்டியையும் சூழ்ந்து நிற்பார்கள் என்ற எண்ணமும் உள்ளத்தின் ஓர் ஓரத்தில் இருந்தது என்பதை இன்று சொல்கிறோம்.

அவர் மூன்று காரியங்கள் செய்தார். முதலாவது, டயர். வண்டிக்கு உரியது 265/70 ஆர் 17 என்ற அளவு. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பது. மூன்றாவது, இரும்பு வட்டத்தின் குறுக்களவு, அங்குலத்தில். இம்மூன்றையும் கணக்கிட்டால் சக்கரத்தின் முழு உயரம் சுமார் 803 மில்லிமீட்டர். அவர் மாட்டியது 285/70 ஆர் 17. அதன் உயரம் சுமார் 831 மில்லிமீட்டர். வித்தியாசம் 28 மில்லிமீட்டர். ஆனால் அச்சு சக்கரத்தின் நடுவில் இருப்பதால் வண்டி உயர்வது அதில் பாதி, அதாவது 14 மில்லிமீட்டரே.

இரண்டாவது, முகப்பை உயர்த்தும் வட்டு. பிக்கப்பைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால், காலியாக இருக்கையில் அதன் பின்புறம் சற்றுத் தூக்கலாகவும் முன்புறம் தாழ்ந்தும் இருப்பது தெரியும். அதைக் குறையாக எண்ணுவோர் முன்சக்கரச் சுருள்வில்லின் தலைமேல் ஓர் உலோக வட்டை வைத்து முன்புறத்தை உயர்த்திச் சமப்படுத்துவர். வில் சக்கரத்துக்கு நேர் மேலே இல்லாமல் உள்ளே தள்ளி அமைந்திருப்பதால், ஓர் அங்குலத்துக்குச் சற்றே மிகுந்த கனமுள்ள வட்டு வண்டியை ஏறக்குறைய இரண்டு அங்குலம் உயர்த்திவிடுகிறது.

மூன்றாவது, ஸ்பேசர் எனப்படும் அலுமினிய இடைவளையம். ஒன்றரை அங்குலக் கனமுள்ள இவ்வளையத்தை அச்சின் முகத்தில் நட்டுகளால் முடுக்கி, அதன்மேல் சக்கரத்தை மாட்டுவர். சக்கரம் அந்த அளவுக்கு வெளியே வந்து நிற்கும். தோற்றத்தில் அகலம் கூடும். இதில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. சக்கரத்தைப் பிடிக்கும் நட்டுகள் வெளியே தெரியும். வளையத்தைப் பிடிக்கும் நட்டுகளோ சக்கரத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும். அவற்றைச் சோதிக்கவேண்டுமானால் சக்கரத்தையே கழற்றியாகவேண்டும்.

வேலை முடிந்ததும் அந்த இளைஞர், "பாத்ரே, நூறு மைல் ஓடியதும் வண்டியைக் கொண்டுவாருங்கள். உள்நட்டுகளை மறுபடி 150 அடி-பவுண்டுக்கு முடுக்கவேண்டும். புதிய உலோகங்கள் ஒன்றோடொன்று படிந்தபின் பிடி தளரும்" என்று சொல்லி எண்ணெய் வயலுக்குப் புறப்பட்டார். நாமும் தலையசைத்தோம்.

தாழ்வுக்கும் ஒரு காரணம் உண்டு

அடுத்த சில வாரங்கள் நமது வண்டியே நமக்குப் பாடம் நடத்தியது. திருப்பத்தில் ஸ்டீயரிங்கை முழுதும் ஒடித்தால் டயர் உள்மட்கார்டில் உரசி உறுமியது. சக்கரம் வெளியே தள்ளி நிற்பதால், திரும்பும்போது அது அகன்ற வட்டம் போடுகிறது. அதற்கான இடத்தை வண்டியைக் கட்டியவர்கள் விடவில்லை. வேகமானியும் பொய் சொல்லத் தொடங்கியது. பெரிய சக்கரம் ஒரு சுற்றுக்கு மிகுந்த தூரம் செல்லும். கருவியோ பழைய கணக்கையே வைத்திருக்கும். அது 70 மைல் காட்டியபோது நாம் உண்மையில் 72 மைலுக்குமேல் சென்றோம். 35 அங்குல டயர் பூட்டியிருந்தால் 77 மைலைத் தாண்டியிருப்போம். கனத்த சக்கரத்தைச் சுழற்ற எஞ்சின் மிகுதியாக உழைத்தது; அதை நிறுத்த பிரேக்கும் மிகுதியாக உழைத்தது. முன் அச்சின் மூட்டுகள் தமக்கு விதிக்கப்பட்ட சாய்வைவிட மிகுந்த சாய்வில் நின்று தேய்ந்தன.

ஒரு மாலை, ஏழைகளுக்கான உணவுப் பொருள்களைப் பின்தொட்டி நிறைய ஏற்றிக்கொண்டு கிளைப்பங்குக்குச் சென்றோம். எதிரே வந்த வண்டிகள் எல்லாம் நம்மைப் பார்த்து விளக்கை அணைத்து ஏற்றின. நாம் முழு வெளிச்சம் போடவில்லையே என்று வியந்தோம். பிறகே காரணம் விளங்கியது. பின்பாரத்தால் வண்டியின் வால் தாழ்ந்தது. ஏற்கெனவே உயர்த்தப்பட்ட முகப்பு வானத்தை நோக்கியது. நம் விளக்கின் ஒளி எதிரில் வருவோரின் கண்ணில் பாய்ந்தது.

நம் நாட்டுப் பாரவண்டிக்காரர் எவரைக் கேட்டாலும் முன்பாரம், பின்பாரம் என்ற கணக்கைச் சொல்வார். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பி மாட்டின் கழுத்தைவிட்டு விலகும். பிக்கப்பைக் கட்டியவர்களும் இதே கணக்கைத்தான் போட்டிருக்கிறார்கள். பின்னே சுமை ஏறும்போது வால் தாழும். அப்போது வண்டி சமமாக நிற்கவேண்டும் என்பதற்காகவே காலியாக இருக்கையில் முன்புறத்தைத் தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். நாம் குறையென்று கண்ட அந்தத் தாழ்வு, வரவிருக்கும் சுமைக்காக வண்டி முன்கூட்டியே செய்துகொண்ட ஏற்பாடு. சுமையே ஏற்றாதவன் கண்ணுக்குத்தான் அது குறையாகத் தெரியும்.

நியாயத்தையும் சொல்லவேண்டும். மணலிலும் சேற்றிலும் முட்காட்டிலும் நாள்தோறும் மாடு மேய்க்கச் செல்வோர்க்குப் பெரிய டயர் உண்மையான உதவி. பிக்கப்பின் பின்னச்சு முழு அச்சாக இருப்பதால், அதன் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டியைத் தரையிலிருந்து உயர்த்தப் பெரிய டயரைத் தவிர வேறு வழியில்லை. முன்வட்டு அதை ஒரு நூலும் உயர்த்தாது. ஆகவே நமது சரளைச் சாலைக்கு நாம் பெற்ற உண்மையான பயன் அந்த 14 மில்லிமீட்டர்தான். எஞ்சியதெல்லாம் தோற்றம்.

கதவருகே நின்ற பெரியவர்

இனிச் சொல்லப்போவதைச் சொல்லவே இவ்வளவும் சொன்னோம்.

அந்த இளைஞரின் தந்தைக்கு அப்போது எழுபத்து நான்கு வயது. பருத்தி அரைவை ஆலையில் நாற்பது ஆண்டு மூட்டை சுமந்தவர்; முழங்கால்கள் இரண்டும் தேய்ந்துபோனவர். சிறுநீரகங்கள் செயலிழந்ததால் செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்று நாள்களிலும் 60 மைல் தொலைவிலுள்ள நகரத்தில் டயாலிசிஸ் செய்துவந்தார். மகன் எண்ணெய் வயலில் இருக்கும் வாரங்களில் வியாழனும் சனியும் பங்கு மக்கள் இருவர் தங்கள் காரில் அழைத்துச் செல்வர். செவ்வாய்க்கிழமை நமது முறை.

அப்பெரியவர் எந்நேரமும் தொப்பி அணிந்து, தோற்பூட்சுகளைத் துடைத்து, வாசலில் ஆயத்தமாக நிற்பார். கதவின் கைப்பிடியைப் பற்றி, இடக்காலை வைத்து, மூச்சை அடக்கி ஒரே எம்பில் ஏறிவிடுவார். யாரும் கை கொடுப்பதை விரும்பமாட்டார். கதவையும் தாமே சாத்துவார்.

வண்டி உயர்ந்த பிறகு வந்த முதற் செவ்வாயன்று அவர் எம்பினார், கால் எட்டவில்லை. மறுபடி எம்பினார். நாம் இறங்கிச் சென்று இடுப்பில் கைகொடுத்துத் தூக்கி ஏற்றினோம். அண்டை வீட்டுப் பெண்கள் இருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று போகவர 120 மைலும் அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. அடுத்த செவ்வாய்க்கு நாம் மறைக்கல்வி அறையிலிருந்து குழந்தைகளின் முக்காலி ஒன்றைக் கொண்டுபோனோம். சரளையில் அது சாய்ந்தது. அவர் தடுமாறிக் கதவில் தொங்கினார். பிறகு அதை வேண்டாமென்றார்.

ஒரு வாரம் மகன் வீட்டிலிருந்தார். அதற்கடுத்த செவ்வாயன்று காலையில் பெரியவர் தொலைபேசியில், "பாத்ரே, இன்று வேறொருவர் அழைத்துச் செல்கிறார். உங்களுக்குச் சிரமம் வேண்டாம்" என்றார். அதற்கடுத்த செவ்வாயன்றும் அதையே சொன்னார். நாம் நம்பினோம். கிடைத்த நேரத்தில் தேங்கிக் கிடந்த கணக்குகளை எழுதி முடிக்கலாமே என்று மகிழ்ச்சியும் அடைந்தோம்.

யாரும் அழைத்துச் செல்லவில்லை. இரண்டு செவ்வாய்களும் அவர் வீட்டிலேயே தொப்பியோடு அமர்ந்திருந்தார். சனிக்கிழமைக்குப் பின் வியாழன்வரை ஐந்து நாள் இரத்தம் சுத்தியாகாமல் இருந்தால் உடலில் நீர் கோத்துக்கொள்ளும். பொட்டாசியம் மிகுந்து இதயமே நின்றுவிடக்கூடும். இரண்டாம் வாரம் புதன்கிழமை நள்ளிரவில் அவருக்கு மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸ் சரியான நேரத்தில் வந்தது ஒன்றே அவர் உயிரைக் காத்தது.

மறுநாள் மாலை மருத்துவமனையில் அவர் கட்டிலருகே நாமும், எண்ணெய் வயலிலிருந்து ஓடிவந்த மகனும் நின்றோம். "ஏன் அப்பா போகவில்லை? பாத்ரே வரமாட்டேன் என்றாரா?" என்று மகன் கேட்டார். பெரியவர் வெகுநேரம் சும்மா இருந்தார். பிறகு நம்மைப் பார்த்துப் புன்னகைத்து, "பாத்ரேயின் வண்டி வளர்ந்துவிட்டது, மகனே. நான் வளரவில்லை" என்றார்.

மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நமக்கும் நிமிர்ந்து பார்க்க முகமில்லை. வீடு திரும்பியதும் கணக்குப் போட்டோம். முன்வட்டால் இரண்டு அங்குலம். டயரால் அரை அங்குலத்துக்குச் சற்று மேல். ஆக இரண்டரை அங்குலம். நமது சுண்டுவிரலின் நீளம். வளர்ந்த மனிதர் எவரும் கவனிக்காத அந்த அளவு, தேய்ந்த முழங்கால் கொண்ட ஒருவருக்கு மலையாக நின்றிருக்கிறது.

மறைந்திருந்த நட்டுகள்

அந்தச் சனிக்கிழமையே கோயில் முற்றத்தில் இளைஞர் நமது வண்டியை ஜாக்கியில் நிறுத்தினார். இடப்பக்க முன்சக்கரத்தைக் கழற்றியதும் அவர் கை நின்றது. "பாத்ரே, இங்கே வாருங்கள்" என்றார். வளையத்தைப் பிடித்திருந்த ஆறு உள்நட்டுகளில் மூன்று, ஸ்பானர் இல்லாமல் விரலாலேயே சுழன்றன. ஸ்டட்டுகளின் மரைகள் அரிபட்டுப் பளபளத்தன. நூறு மைலில் செய்யவேண்டிய வேலையை நாளை, நாளை என்று நாம் தள்ளிவைத்த ஆறு வாரங்களில் வண்டி 1,200 மைலுக்குமேல் ஓடியிருந்தது. அந்தச் சக்கரத்தை நம்பித்தான் 70 மைல் வேகத்தில் அப்பெரியவரையும், சில நாள் மறைக்கல்விச் சிறுவர்களையும் நம்மோடு ஏற்றிச் சென்றோம். குற்றம் வளையத்தினுடையதன்று, பூட்டியவருடையதுமன்று. சொன்ன சொல்லைக் கேட்டுத் தலையசைத்துவிட்டுச் செய்யாதிருந்த நம்முடையது.

அன்று மாலைக்குள் வண்டி பழைய உயரத்துக்கு வந்தது. உரிய அளவு டயர்கள் மாட்டி, வீல் அலைன்மென்ட்டும் பார்க்கப்பட்டது. அதற்கடுத்த வாரம் இளைஞர் தம் வண்டியையும் இறக்கினார். நாம் அவரிடம் அதைக் கேட்கவில்லை. "அப்பா இதில் ஏறிப் பல மாதங்களாயின, அவர் ஏன் ஏறுவதில்லை என்று நான் கேட்டதே இல்லை" என்று மட்டும் சொன்னார்.

உயரத்தைப் பற்றி ஊரார் சொல்வது

நாம் தாய்நாடு திரும்பிய பின்னரும் இவ்விஷயம் குறித்து வரும் செய்திகளைக் கருத்தாகப் படித்து வருகிறோம். முன்புறத்தை வானளாவ உயர்த்திப் பின்புறத்தைத் தாழ்த்தும் ஒரு பாணி அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் பரவியபோது, அரசுகள் தலையிட நேர்ந்தது. வட கரோலினா மாநிலம் 2021-ஆம் ஆண்டில், முன் மட்கார்டு பின் மட்கார்டைவிட நான்கு அங்குலமோ அதற்கு மேலோ உயர்ந்திருக்குமாறு வண்டியை மாற்றுவதைத் தடைசெய்தது. 2022-இல் வர்ஜீனியாவும் 2023-இல் தென் கரோலினாவும் இவ்வகைச் சட்டம் இயற்றின. நாம் செய்தது அந்த அளவுக்குச் செல்லாத, சட்டம் தடுக்காத மாற்றமே. ஆயினும் சட்டம் தடுக்காததெல்லாம் அயலாரைத் தடுக்காது என்று எண்ணிவிடலாகாது.

நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஒன்று 2023-இல் வெளியிட்ட முடிவும் சிந்திக்கத்தக்கது. பானட்டின் உயரம் 40 அங்குலத்தைத் தாண்டிய வண்டி நடந்து செல்பவர்மேல் மோதினால், 30 அங்குலத்துக்கு மிகாத சரிந்த முகப்புள்ள வண்டியைவிட அவர் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 45 விழுக்காடு மிகுதி என்று அது கண்டது. தொழிற்சாலையிலிருந்து வரும் பிக்கப்புகளே பல இந்த உயரத்தைத் தொடுகின்றன. அதற்குமேலும் நாம் உயர்த்தினால், முகப்புக்கு முன்னே நிற்கும் குழந்தையின் தலை ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாமற் போகும் தூரமும் வளரும்.

நம் ஊர்ச் சாலைகளிலும் அகன்ற டயர்களோடு ஜீப்புகள் செல்வதைக் காண்கிறோம். இங்கே சட்டம் இன்னும் கண்டிப்பானது. வண்டியைக் கட்டிய நிறுவனம் குறித்த அமைப்புக்கு மாறாக அதைத் திருத்தலாகாது என்று நம் உச்ச நீதிமன்றம் 2019-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்துள்ளது. வீட்டில் வாகனப் பித்துக்கொண்ட பிள்ளைகள் இருப்பின், அவர்களை ஏசவேண்டாம். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, அங்கே ஒட்டப்பட்டுள்ள தாளில் டயரின் அளவும் காற்றின் அளவும் குறித்திருப்பதைக் காட்டுங்கள். அந்த எண்களுக்குப் பின்னே எத்தனை பேர் எத்தனை நாள் சிந்தித்திருப்பார்கள் என்பதைச் சொல்லுங்கள். பிறகு வீட்டிலுள்ள பாட்டியை அல்லது தாத்தாவை ஒருமுறை அவ்வண்டியில் ஏறச் சொல்லுங்கள். அதைவிடத் திருத்தமான அளவுகோல் எந்தப் பட்டறையிலும் இல்லை.

நமது வண்டி இறங்கிய பின் வந்த முதற் செவ்வாயை நாம் மறக்கவில்லை. பெரியவர் வழக்கம்போல் தொப்பியோடு வாசலில் நின்றார். இறங்கிக் கை கொடுக்கக் கால் துடித்தது. ஆயினும் இருக்கையிலேயே அமர்ந்திருந்தோம். அவர் கைப்பிடியைப் பற்றினார், இடக்காலை வைத்தார், மூச்சை அடக்கி ஒரே எம்பில் ஏறி அமர்ந்தார். பிறகு கதவைத் தாமே சாத்திவிட்டு, "போகலாம், பாத்ரே, நேரமாகிறது" என்றார்.